உன் தலைமேல் சத்தியம் செய்ய மாட்டேன்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். "சரி, பாக்கலாம்" என்று இழுத்துவிட்டு, போனை அம்மா கையில் திணித்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். நீ கேட்டது அப்படியே காதில் இருக்கிறது. "நைனா, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தபா காணிப்பாக்கம் புள்ளையாரு கோயிலுக்குப் போய்க்கினு வந்துடலாம். என் தலமேல கை வெச்சி, இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிடு. அப்பதான் நான் நிம்மதியா மணையில ஒக்காருவேன்." மகனாக நீ கேட்டதில் தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் இதைவிடக் கடுமையாகக் கேட்டிருப்பேன். ஆனாலும் என் பதில் முடியாது என்பதுதான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே "நைனா, மீட்டிங் இருக்குது" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நீ படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம். தமிழை அம்மா சொல்லிக் கொடுத்ததால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதுவும் எனக்கு வசதிதான். மெதுவாகப் படி. நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். நகரியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்த கை இது. அதற்கப்புறம் சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பக்கத்தில் நின்று, பிரஷர் எவ்வளவு என்று நோட்டில் எழுதியதைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. சோர்வாக இருக்கிறது. குடியால் வந்த சோர்வு கொஞ்சம், குடிக்காமல் இருப்பதால் வந்த சோர்வு கொஞ்சம், ஐம்பத்தெட்டு வயசு கொஞ்சம். எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

காணிப்பாக்கத்துக்கு நாம் ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறோம். நீ மறந்திருக்க மாட்டாய். பதினோரு வருஷம் ஆகிறது. நீ பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாய். அந்த ஏப்ரலில்தான் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் என்னைப் பத்து நாள் சேர்த்து, கை நடுக்கத்தையெல்லாம் அடக்கி, நிதானத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வரும்போது டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். மூன்று வேளையும் போட வேண்டும், குடிக்க வேண்டும் என்கிற நமைச்சலை அது குறைக்கும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், நடுவில் தவறிக் குடித்துவிட்டாலும் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும் என்றார். நான் நம்பவில்லை. ஆனால் ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து வைன்ஷாப்பைத் தாண்டி நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், அட, கடையைத் தாண்டி வந்துவிட்டோமே என்று நினைப்பு வரும். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

அப்போதுதான் உன் மாமா வந்தான். உன் அம்மாவுக்குத் தம்பி, நமக்கு நல்லது நினைக்கிறவன், அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. "எத்தினி நாளிக்கி இந்த மாத்திரைய துன்னுக்கினு இருப்ப மாமா? காணிப்பாக்கத்துல முழுகி எழுந்து ஒரு சத்தியம் பண்ணிட்டா அதோட தீந்துது. எங்க ஊர்ல ரெண்டு பேரு அப்பிடித்தான் வுட்டாங்க" என்றான். அம்மாவுக்கும் அது பிடித்துப்போயிற்று. நாலு பேரும் போனோம். குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு சன்னிதிக்கு வந்து நின்றேன். அங்கே பொய்ச் சத்தியம் செய்தால் தப்பிக்க முடியாது என்பது நம் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். என்மேல் சத்தியம் செய்தால் போதாது என்று மாமா உன்னை முன்னால் நிறுத்தினான். உன் தலைமேல் கை வைத்து, இனி தொட மாட்டேன் என்றேன். என் கையிலிருந்து தண்ணீர் சொட்டி உன் கண்ணில் விழுந்தது. நீ துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றாய்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் மாமா சொன்னான்: "இனிமே மாத்திரை போடாத மாமா. சத்தியமும் பண்ணிட்டு மாத்திரையும் போட்டா, சாமிய நம்பலன்னு ஆயிடும்." அம்மா தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். இதைத்தான் நன்றாகக் கேட்டுக்கொள். அவர்கள் சொன்னதற்காக நான் மாத்திரையை நிறுத்தவில்லை. எனக்கே அது சந்தோஷமாக இருந்தது. சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தால் நான் யார் என்று ஊருக்கே தெரியும். குடிநோயாளி. காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்தவன் என்றால் கதை வேறு. மறுநாள் ஃபேக்டரியில் சூப்பர்வைசரே எழுந்து வந்து கை கொடுத்தார். அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டேன், கண்ணு. மிச்சமிருந்த அட்டைகளைப் பூஜை அலமாரியில் படத்துக்குப் பின்னால் சொருகினேன். எறிய மனசு வரவில்லை. அதிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

பத்தொன்பது நாள் தாங்கினேன். சீசன் உச்சத்தில் இருந்தது. தோதாபுரி மாங்காய் லாரிகள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நின்றன. பாய்லர் சூடு, கூழ் வாசனை, இரண்டு ஷிப்ட் சேர்த்து வேலை. நமைச்சல் திரும்பி வந்தது. மாத்திரை இருந்தபோது அது எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் திரும்பி வந்தபோது பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. பத்தொன்பதாம் நாள் குடித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து மூன்றாம் நாள் சாயங்காலம், பிளஸ் ஒன்னுக்குப் புதிதாகச் சேர்ந்த இன்டர் காலேஜிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த உன்னை மாங்காய் லாரி ஒன்று தட்டிவிட்டுப் போயிற்று. இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டு, "எந்தப் பாவி கண்ணு பட்டுதோ தெரியலையே" என்று அழுதாள். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்தப் பாவியின் தோளில்தான் அவள் சாய்ந்திருந்தாள். லாரி டிரைவர் திரும்பும்போது பார்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது, அவனே போலீசில் ஒப்புக்கொண்டான். அதெல்லாம் எனக்கும் புரிகிற விஷயம்தான். ஆனால் உன் தலையில் வைத்த கையை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

டாக்டர் சொல்லியிருந்தாரே, தவறினால் வந்து சொல் என்று. சத்தியம் செய்யாமல் இருந்திருந்தால் மறுநாளே போய், "சார், குடிச்சிட்டேன்" என்று சொல்லியிருப்பேன். வாய் கொஞ்சம் கூசியிருக்கும், அவ்வளவுதான். இப்போது அப்படிச் சொன்னால் என் பிள்ளையின் காலை நானே உடைத்தேன் என்று சொன்ன மாதிரி. எந்த வாயால் சொல்வேன்? சொல்லவில்லை. சொல்லாததை மறக்க மறுபடி குடித்தேன். உனக்குக் கட்டுப் பிரித்த அன்றைக்கும் குடித்தேன். ஒன்பது வருஷம் அப்படிப் போயிற்று. நீ நொண்டாமல் நடக்கிறாய், ஆண்டவன் புண்ணியம். மழைநாளில் நீ அந்தக் காலை நீவிக்கொள்வதைப் பார்த்தால் இன்றைக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இன்னொன்று நீ கவனித்தாயோ இல்லையோ. அந்த நாளுக்கு அப்புறம் நான் உன் தலையைத் தொட்டதே இல்லை. தீபாவளிக்கு எண்ணெய் வைக்க அம்மா கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பாய்லரில் அவசர வேலை வந்துவிடும். தீபாவளி சமயத்தில் பாய்லர் ஆறிக் கிடக்கும் என்பது உன் அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். நீ டிகிரி முடித்து வந்து காலில் விழுந்தபோது தோளைத் தொட்டுத்தான் தூக்கினேன். நான் பாசமில்லாதவன் என்று நீ நினைத்திருக்கலாம். பயந்தவன் என்று நினைத்துக்கொள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகையில், வருஷ சோதனைக்காகப் பாய்லரை மூட்டியபோது பிரஷரைத் தப்பாகப் படித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கும். மேனேஜர் என்னைப் பாய்லரிலிருந்து எடுத்து, கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார். அதற்கடுத்த வாரம் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் திருப்பதி பஸ்ஸில் ஏற்றினாள். அங்கே ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு வாரம் படுக்கவைத்து நடுக்கத்துக்கு மருந்து கொடுத்தார்கள். ரத்தம் எடுத்து ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். டாக்டர் ஒரு பெண். உன்னைவிட நாலைந்து வயசு பெரியவளாக இருப்பாள். நான் பேச வாயெடுப்பதற்கு முன் உன் அம்மா குறுக்கே விழுந்து, அரைத் தெலுங்கிலும் அரைத் தமிழிலும், "மேடம், குடிச்சா வாந்தி வர வெக்கிற மாத்திரை ஒண்ணு இருக்குதாமே, இவருக்குத் தெரியாம ரசத்துல கலந்து குடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. அப்படி ஒரு மாத்திரை இருப்பது உண்மைதான், ஆனால் அது உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் உயிரே போகலாம், நோயாளிக்குத் தெரியாமல் எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். அன்றிலிருந்து உன் அம்மாவின் ரசத்தை ஒரு கண் பார்த்துத்தான் குடிக்கிறேன்.

எனக்கு அவர் எழுதியது வேறு மாத்திரை. காலையில் ஒன்று. அது வாந்தியும் எடுக்க வைக்காது, மயக்கவும் செய்யாது. குடியில் இருக்கிற அந்தச் சுகத்தை மழுக்கிவிடும், அதனால் ஆசையும் மெல்லத் தளரும் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரலைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார். நாமாக நிறுத்தக் கூடாது. வேறு எங்கே வைத்தியத்துக்குப் போனாலும் இந்த மாத்திரை போடுவதைச் சொல்ல வேண்டும், வலிக்குக் கொடுக்கிற சில மருந்துகளோடு இது சேராது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அது இப்போதும் என் பர்ஸில் உன் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிளம்பும்போது நான் கேட்டேன், சத்தியம் ஏதாவது செய்ய வேண்டுமா என்று. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒத்து பாபு. தாகினா ரண்டி, தாகக்கபோயினா ரண்டி" என்றார். வேண்டாம், குடித்தாலும் வாருங்கள், குடிக்காவிட்டாலும் வாருங்கள். நீ தெலுங்கு படித்தவன், உனக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது.

மாதாமாதம் போகிறேன். திருப்பதி பஸ் காணிப்பாக்கம் பிரிகிற இடத்தில் நிற்கும். சில பேர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், எதற்கு இறங்குகிறார்கள் என்று. கூடவே மனைவி, பிள்ளை. எனக்கு எழுந்து போய் அந்தப் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம் போல இருக்கும். சாமிமேல் எனக்குக் குறையில்லை. அங்கே சத்தியம் செய்துவிட்டு வாழ்நாள் முழுக்கத் தொடாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது பிடிமானம். எனக்கு அது வாய்ப்பூட்டாகப் போய்விட்டது. சாமி மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லை, நாங்கள் மூன்று பெரியவர்கள்தான் ஷேர் ஆட்டோவில் முடிவு பண்ணினோம்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். போன வருஷம் சீசன் முடிந்த அன்று, மாத்திரை தொடங்கி எட்டாவது மாதம், ஃபேக்டரி ஆட்களோடு உட்கார்ந்து குடித்துவிட்டேன். காலையில் மாத்திரை போட்டிருந்தேன். குடித்ததில் ஒன்றுமே இல்லை. பழைய ருசி இல்லை, தண்ணீரில் போட்ட உப்பு மாதிரி எங்கேயோ கரைந்து போயிற்று. பாதி டம்ளரோடு எழுந்து வந்தேன். ஆனால் குடித்தது குடித்ததுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் மறுநாள் காலையில் வழக்கம்போல் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தாள். கை மட்டும் கொஞ்சம் வேகமாக நீண்டது.

அந்த வாரம் நான் உனக்கு தினமும் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கிறதா? "துன்னியாடா? பைக்ல போறியா, பஸ்ல போறியா? ஹெல்மெட் போட்டுக்கினு போ." ஐந்தாம் நாள் நீ எரிச்சலாகிவிட்டாய். "இன்னா நைனா ஒனக்கு, தெனமும் இதையே கேக்குற? குடிச்சிருக்கியா?" என்றாய். "இல்லடா" என்றேன். அன்றைக்கு நான் குடிக்கவில்லை, அது உண்மை. ஆனால் உன் காலுக்காகத்தான் போன் பண்ணினேன். மூன்றாம் நாள் போயிற்று. நாலாம் நாள் போயிற்று. ஏழு நாளும் போயிற்று. நீ பெங்களூரில் நன்றாக இருந்தாய். உன் குரலில் கோபம் இருந்ததைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது.

எட்டாம் நாள் திருப்பதிக்குப் போய் டாக்டரிடம் சொன்னேன். என்றைக்கு, யாரோடு, எவ்வளவு, அதற்கு முன் மனசு எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். திட்டவில்லை. சீக்கிரம் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம், இனி கொஞ்ச காலம் தொடரலாம் என்றார். சீசன் கடைசி நாளில் ஃபேக்டரியில் உட்காராமல் நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது சந்திரகிரி தாண்டி பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா பதறிப்போய், "ஏமயிந்தி அண்ணா?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டால் என்ன சொல்வது? ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் விஷயம். தப்பு செய்தேன், சொன்னேன், யார் காலும் உடையவில்லை. இந்த வருஷ சீசன் கடைசி நாளில் நேராக வீட்டுக்கு வந்தேன். அந்தப் பாதி டம்ளருக்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லவில்லை. இனிமேல் சாகிறவரை தொட மாட்டேன் என்று உன்னிடம் சொல்ல என்னால் முடியாது. அதைத்தான் நீ கேட்கிறாய், அதைத்தான் நான் கொடுக்க முடியாது. நாளைக்குக் காலையில் மாத்திரை போடுவேன் என்று சொல்ல முடியும். தவறினால் அன்றைக்கே உன்னிடமும் சொல்வேன் என்று சொல்ல முடியும். இது சின்னதுதான். பெரியதைச் சொல்லிவிட்டு நான் என்ன செய்தேன் என்று உனக்கு இப்போது தெரியும்.

நீ குடும்பம் நடத்தப் போகிறவன். அந்தப் பெண் புத்தூரில் நல்ல குடும்பத்தில் வளர்ந்த பெண், உன்னைவிட விவரமானவள் என்று அம்மா சொல்கிறாள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். உங்கள் வீட்டில் தப்பைச் சொல்ல ஓர் இடம் இருக்கட்டும். சத்தியம் வாங்காதே, சத்தியம் கொடுக்காதே. அவள் ஏதாவது சொல்ல வரும்போது உன் முகத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்துக்கொள். நீயும் சனிக்கிழமை நண்பர்களோடு பீர் குடிக்கிறாய், எனக்குத் தெரியும், என் மூக்கை ஏமாற்ற முடியாது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒருநாள் அது இல்லாமல் இருக்க முடியவில்லை என்று தோன்றினால், பெருசாவதற்கு முன் என்னிடம் வா. திருப்பதி பஸ்ஸில் ஜன்னல் சீட்டை உனக்குத் தருகிறேன்.

நான் சத்தியம் செய்யாமல் மண்டபத்துக்கு வரக் கூடாது என்று நீ நினைத்தால், வரவில்லை. கோபம் கிடையாது. அம்மாவும் மாமாவும் முன்னால் நின்று நடத்தட்டும், நான் அடுத்த வாரம் வந்து உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிறேன். மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே, பாவம், மனசு உடைந்துபோவான்.

ஆனால் வரச் சொன்னால் ஒரு வேலையை நீ செய்ய வேண்டும். கல்யாணத்தன்று காலையில் அம்மாவுக்கு நூறு வேலை இருக்கும், என் மாத்திரை ஞாபகம் இருக்காது. நலங்குக்கு உட்காருவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரோடு நீ என்னிடம் வா. உன் கையால் மாத்திரையைக் கொடு, நான் விழுங்குவதை நின்று பார். அப்புறம் போய் மணையில் உட்கார். இந்த முறை பாய்லரில் எனக்கு எந்த வேலையும் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன், உன் தலையில் முதல் எண்ணெய் நான் வைக்கிறேன்.

உன் நைனா